பத்துக்கு எத்தனை

வெஸ்ட்ரே தீவின் படகுத்துறையில்
பயணச்சீட்டு கிழிப்பவள் நான்.
மரமில்லாத ஊர்.
காற்றுக்கு எங்கள் தலையை விட்டால்
மோத வேறு இடமில்லை.

அதனால், முதலில் வலித்தபோது
காற்று என்றேன்.
பிறகு மூக்குக்கண்ணாடி என்றேன்.
பிறகு எர்லண்ட் என்றேன்,
கணவன் எதற்கும் பொருந்துவான்.

வலது கண்ணை அசைத்தால்
அதன் பின்னால் யாரோ
ஈர வடத்தை முறுக்கினார்கள்.
ஒருநாள் காலை
படகின் சிவப்புக் கோடு
நூறுதரம் துவைத்த துணிபோல் வெளுத்திருந்தது.
இடது கண்ணுக்கு மட்டும் சிவப்பு.

அபெர்டீனுக்கு விமானம் ஏற்றினார்கள்.
குழாய்க்குள் கிடத்தி
இடியிடியென்று இடித்துவிட்டுப் படம் காட்டினார்கள்.
என் மூளை. அதில் வெள்ளைத் திட்டுகள்.
கடற்பறவை எச்சமிட்ட எங்கள் ஊர்ப் பாறை மாதிரியே இருக்கிறது
என்றேன். மருத்துவர் சிரிக்கவில்லை.
மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்.
உங்கள் தீவுகளில் அதிகம்தான் என்றார்,
மீன்வரத்தைச் சொல்வதுபோல.

அன்றிலிருந்து
என் உடம்பில் எது நடந்தாலும்
அதன் பெயரில் பற்று.
கால் இடறினால் அது.
சாவி மறந்தால் அது.
சண்டையின் நடுவில் எர்லண்ட்
சட்டென்று குரல் தாழ்த்திக்கொள்கிறான்:
பாவம், அது பேசுகிறது.
ஜெயிக்கிற சுகமும் போயிற்று.

தலைவலியை மட்டும்
யாரும் கணக்கில் ஏற்கவில்லை.
அதில் சேர்த்தியில்லை என்றார் ஒருவர்.
சேரலாம் என்றார் இன்னொருவர்.
வெள்ளிக்கிழமை ஊசியின் வேலை,
தூக்கமில்லாத வேலை, பிடரித் தசையின் வேலை.
தாதி ஹெடில் ஒரு குறிப்பேடு தந்தாள்.
நாள். இடம். பத்துக்கு எத்தனை. காரணம்.

எழுதினேன்.
செவ்வாய், பிடரி, நான்கு.
வியாழன், நெற்றிப்பொட்டு, ஆறு
(குனிந்தால் முதுகில் மின்சாரம். அது வேறு கணக்கு).
சனி, ஊசிக்கு மறுநாள்:
தலைக்குள் நண்டு ஆலை, இரண்டு ஷிப்டு.
ஞாயிறு, ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று எழுதும்போதே லேசாக ஒன்று.

இரவு மூன்று மணிக்கு
கதவைத் திறக்காமல் உள்ளிருந்து கேட்பேன்:
யாரது? நீயா?
புதிதாக ஒரு வெள்ளைத் திட்டா?
இல்லை, சும்மா வந்த தலைவலியா?
தலைவலியும் காய்ச்சலும்
தனக்கு வந்தால் தெரியுமாம்.
எனக்கு வந்தது.
தெரியவில்லை.

ஜூனில் எர்லண்டின் மருமகள் ஓஸ்லாவுக்குக் கல்யாணம்.
அந்த வாரம் ஊசியைத் தள்ளிப்போட்டேன்,
ஹெடிலிடம் சொல்லாதீர்கள்.
ஊர்க் கூடத்தில்
பீரும் ரம்மும் விஸ்கியும் சர்க்கரையும் கொதித்த
மரத்தொட்டி கைமாறிக் கைமாறி வந்தது.
என் இடது கையை நம்ப முடியாது,
இரு கையாலும் பிடித்துக் குடித்தேன்.
அது மறுபடி சுற்றி வந்தது.
மறுபடியும்.
கைத்தடியோடு ஒரு ஆட்டம் ஆடினேன்,
தடிதான் நன்றாக ஆடியது என்றார்கள்.
இருட்டவே இருட்டாத இரவு.

விடிந்ததும் எட்டு.
எட்டரை.
படுத்தபடியே வழக்கமான விசாரணை:
கண் அசைகிறதா? அசைகிறது.
திரைச்சீலை சிவப்பா? சிவப்பு.
சமையலறைக்கு வந்தேன்.
எர்லண்ட் மேசையில் நெற்றி வைத்துக் கிடந்தான்.
சம்பந்தி தலையில் உறைந்த பட்டாணிப் பொட்டலம்.
கல்யாணப்பெண்ணின் அம்மா
கோப்பையில் ஸ்பூனைச் சுற்றாதீர்கள், சுற்றாதீர்கள் என்று
கும்பிடாத குறை.

"உனக்குமா, மெரன்?"
"எனக்கும்தான்."
அவ்வளவே.
யாரும் குரல் தாழ்த்தவில்லை.
யாரும் நாற்காலி இழுத்துப் போடவில்லை.
எர்லண்ட் தலைதூக்காமலே
மாத்திரை அட்டையை என் பக்கம் தள்ளினான்.
இரண்டு மிச்சம் வைத்திருந்தான்.
ஊர்ப் பந்தியில் எனக்கும் இடம்போட்ட வலி.
சிரித்தேன். சிரித்ததில்
ஒன்பதாயிற்று.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஞாயிறு, முழுத் தலை, ஒன்பது.
காரணம், ஓஸ்லா கல்யாணம்.

திங்கள், வலது கண்ணுக்குப் பின்னால், இரண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து, எடுத்துவிட்டேன்.
ஒன்பது மணிப் படகு வந்துகொண்டிருந்தது.
அதன் கோடு சிவப்பாகத்தான் இருந்தது
என்று நினைக்கிறேன்.