நாக்கு வியாபாரம்

கவுந்தப்பாடி ஏலக் களத்தில்
மூட்டை வாயைப் பிரித்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால்
எந்த ஆலைக்கொட்டாய், எந்தக் கிணற்றுத் தண்ணி,
சுண்ணாம்பு கூடிப்போச்சா, பாகு முந்திப்போச்சா,
சொல்லிவிடுவேன்.
இருபத்திரண்டு வருசமாக
இந்த நாக்குத்தான் எங்கள் வீட்டில் உலை வைக்கிறது.

மாசியில் செருப்புக் கடித்த புண்
சித்திரை வந்தும் ஆறவில்லை.
பெருந்துறையில் டாக்டரம்மா
மூணு மாசக் கணக்கை ஒரே எண்ணில் முடித்தார்:
பத்து புள்ளி நாலு.
மூட்டை விலையாகவே எண்களைக் கேட்டுப் பழகினவன் நான்.
இந்த எண்ணுக்கு
ஒருத்தரும் கை தூக்கவில்லை.

எடைச்சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டேன்.
கரும்புச்சாறு, தெளுவு, டப்பா ஜூஸ் கூடவே கூடாது.
பழத்தைப் பிழியாமல் கடித்துத் தின்னணும்,
மாம்பழமென்றால் ஒரு கீற்று.
இளநீர் தினமும் வேண்டாம்.
சந்தகை நாலு பிடி, தேங்காய்ப்பால் இனிப்பில்லாமல்.
ராகிக்களிதானே என்று மலையாகக் குவிக்காதீங்க.
மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில்
அந்தக் கடைப் பக்கம் போகவே போகாதீங்க.

எழுதி முடித்துக் கேட்டேன்:
"நாட்டுச்சர்க்கரை பரவால்லீங்களா?"
"வெள்ளையோ பழுப்போ,
ரத்தத்துக்கு நிறம் தெரியாதுங்க"
என்று அடுத்த சீட்டை எடுத்தார்.

வரும் வழியெல்லாம்
பஸ் சன்னலில் என் குரலே எதிரொலித்தது.
"சுகருக்காரங்களுக்கா? தாராளமாங்க! மருந்தே இல்லாத சரக்கு!"
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
எத்தனை கிலோ.

இப்போது சிட்டிகை வைக்கிறேன்,
துப்புகிறேன்,
வாய் கொப்பளிக்கிறேன்.
பழைய பெயிண்டு டப்பா ஒன்று காலடியில்.
ருசி சொல்கிறேன், விலை சொல்கிறேன்,
விழுங்குவது மட்டும் இல்லை.
பழனாத்தா மச்சான் வீட்டுக் காதுகுத்தில்
என் இலையிலிருந்த ஒப்புட்டை
ஒரு பேச்சுமில்லாமல் தன் இலைக்கு மாற்றிக்கொண்டாள்.

போன சனிக்கிழமை
காங்கயத்திலிருந்து ஒரு பையன். முத்துக்கருப்பண்ணன் மகனாம்.
"அஞ்சு கிலோ குடுங்க, அப்பனுக்குத்தான்.
சுகருங்க. இது ஆகுமல்லங்க? நீங்க சொன்னீங்கன்னு
எட்டு வருசமா இதுதான் காப்பிக்கு."

கூசிக்கொண்டிருந்த நாக்கைப்
பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன், ஒரு நிமிசம்.

"ஆகாதுங்."

மண்டிக்காரர் தராசிலிருந்து நிமிர்ந்தார்.
பையன் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
"அப்பறம் அன்னைக்கு ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

காலடியில் டப்பாவைச் சுற்றி
எறும்பு சாரையாக ஏறிக்கொண்டிருந்தது.