முப்பதுக்கு மேல்

குவைத்தில் வாங்கின போன்.
புதிதாய் எதையும் இறக்கப் போனால்
"உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது" என்று
கதவைச் சாத்திவிடுகிறது.
பேட்டரி ஊதிப் பின்மூடி வாய் பிளந்ததை
ரப்பர் பட்டி போட்டுப் பிடித்திருக்கிறேன்.

அதைத்தான் மழைக்குக் காவல் வைத்தேன்.

லயத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் ஒரு மா டின்.
உள்ளே மிதக்க ஒரு துண்டு ரெஜிபோம்,
அதன் தலையில் செப்புக் கம்பி.
செத்துப்போன ஹெட்செட்டின் பொத்தானைப் பிளந்து
இரண்டு வயரை ஜன்னல் வழியே வெளியே இழுத்தேன்.
தண்ணீர் கோட்டுக்கு ஏறினால் கம்பி வயரைத் தொடும்.
யாரோ பாட்டை நிறுத்தச் சொல்கிறார்களென்று
போன் நினைத்துக்கொள்ளும்,
நினைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வீட்டுக்கும்
எஸ்எம்எஸ் போடும்:
மேட்டு மண் ஊறிட்டு. ஸ்கூலுக்குப் போங்க.

வைகாசியில் ஒரு ஞாயிறு, ஒத்திகை.
டின்னில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன்.
முப்பது வீட்டில் மணி அடித்தது.
முப்பத்தோராவது தவமணிதேவி வீடு. அடிக்கவில்லை.
திரையில் ஒரு பெட்டி:
இந்தச் செயலி அளவுக்கு மேல் செய்தி அனுப்புகிறது,
அனுமதிக்கவா, மறுக்கவா?

அரை மணிக்கு முப்பதுதான், அதன் சட்டம் அப்படி.
உடைக்க வேண்டுமென்றால் ரூட் பண்ணணும்,
பண்ணினால் போன் எழும்பாமலும் போகலாம்
என்றான் ராகலை டவுனில் ஹிஷாம்.
அரை மணி பொறுத்து மீதியை அனுப்பேன் என்றான்.
நான் பொறுப்பேன். மண் பொறுக்குமா?

சரி, விரலுக்கு ஒரு விரல் தேடினோம்.
பெட்டி வந்தால் "அனுமதி" இருக்கும் இடத்தில்
தானே தட்டும் ஒரு பழைய ஆப்.
தட்டியது. திரை விழித்திருந்தால் மட்டும்.
திரையைத் தூங்கவிடாமல் செய்ய
செட்டிங்கில் ஒரு எண்ணை ஏழு முறை தட்டினால்
மறைத்துவைத்த ஒரு பக்கம் திறக்கும்.
சார்ஜில் இருக்கும்வரை விழித்திரு,
அந்தக் கட்டத்தில் ஒரு சரி போட்டேன்.

மழை வந்தால் எங்கள் பக்கம் முதலில் போவது கரண்ட்.

கரண்ட் போனால் திரை தூங்கும்,
ஆப்பின் விரல் இருட்டைத் தட்டும்,
பெட்டி ஆளில்லாமல் கேட்டுக்கொண்டே கிடக்கும்,
பதின்மூன்று வீடு போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்.

எந்தப் பதின்மூன்று?
பேர்களை மேலும் கீழுமாய் மாற்றி அடுக்கினேன்.
வாங்கின காசைத் திருப்பித் தராத விஜயகுமாரியை
முப்பத்திரண்டில் போட்டேன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தேன்.

அந்த ராத்திரி
பக்கத்துக் காம்பராவில் அந்தோணிராஜ் இருமினார்.
"சுடுதண்ணி குடிங்கண்ணே" என்றேன், படுத்தபடியே.
"ம்" என்றது சுவர்.

எழும்பி உட்கார்ந்தேன்.

இரட்டைப்படை வீடுகளை எல்லாம் அழித்தேன்.
மிஞ்சியது இருபத்திரண்டு.
செய்தியில் இரண்டு சொல் கூட்டினேன்:
சுவரைத் தட்டுங்க.
தவமணிதேவி வீடு தனிக் குவார்ட்டஸ்,
அதன் சுவர் காற்றுக்கு மட்டும்தான் பக்கத்து வீடு.
முப்பத்தொன்று ஒற்றைப்படையாய்ப் போனது நல்லதாய்ப் போனது.

ஐப்பசி. ராத்திரி இரண்டேகால். கரண்ட் பத்து மணிக்கே போய்விட்டது.
என் தலைமாட்டில் போன் சத்தமில்லாமல்
பாட்டை நிறுத்தியிருக்கிறது, இல்லாத பாட்டை.
நான் நல்ல தூக்கம்.
என் நம்பரை அந்தப் பட்டியலில் போட
எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு ஆறாம் காம்பரா. இரட்டைப்படை.
அந்தோணிராஜ் அகப்பையால் இடித்தார்,
காரை என் முகத்தில் உதிர்ந்தது.
வெளியே லயம் நெடுக
டம் டம்மென்று மழைக்கு மேல் கேட்டது.

ஸ்கூல் வாங்குகளில், மெழுகுதிரி வெளிச்சத்தில்,
தலை தலையாய்ப் பார்த்து வீடு எண்ணினேன்.
இருபத்தொன்பது, முப்பது,
அதற்கு மேலும் எண்ணினேன், யாரும் அனுமதி கேட்கவில்லை.

விடியும்வரை மேடு இறங்கவில்லை.
தூக்கம் கெட்டதென்று என்னைத் திட்டினவர்களில்
சத்தமாய்த் திட்டினது விஜயகுமாரி.