அடிக்குறிப்பு 212

தியேப் நகர ஆவணக்கூடத்தில்
பேனாவுக்கு அனுமதி இல்லை.
ஒரு பென்சில், ஈரமில்லாத கைகள்,
ஒரு நேரத்தில் ஒரே பெட்டி.
துறைமுகத்தில் படகு ஊதினால்
சன்னல் கண்ணாடி அதைத் திருப்பிச் சொல்லும்.

மூன்றரை வருடமாக நான்
தெயோபில் கார்வெனின் இடது கையில் குடியிருக்கிறேன்.
பதினோரு பியானோ உருப்படிகள்.
ஏழாவது, 'கடல் வடியும் நேரம்'.
அதன் நடுவில் அந்தக் கறுப்புக் கட்டை,
சி பெமோல்,
மற்றதெல்லாம் அடங்கிய பிறகும்
எட்டு மாத்திரை அந்தரத்தில் நிற்கும்.

அதைப் பற்றி எழுதாதவர் யார்?
மூடுபனிக்குள் அடிக்கும் மாதாகோயில் மணி என்றார் ஒருவர்.
கண்காட்சியில் கேட்ட ஜாவாச் சேகண்டி என்றார்
அவரை மறுத்தவர்.
இருவருக்கும் நடுவே பாலம் கட்டி
அறுபத்து நான்கு பக்கம் எழுதி
அதற்குத் 'தீராத ஏக்கம்' என்று பெயரும் வைத்து
பேராசிரியர் கினெமெரைத்
தலையாட்ட வைத்துவிட்டேன்.

இன்று செவ்வாய். பெட்டி பதினாலு.
கசாப்புக்கடைக் கணக்கு, பல் வைத்தியர் சீட்டு,
முயல் இரண்டு, வெங்காயம்,
அடியில் நாலாக மடித்த ஒரு பில்.
ப்ரூனுவா விதவையும் மகனும், பியானோ பழுது:
"நடு சி பெமோல். ஒலியடக்கிக் கம்பளியை அந்து அரித்துவிட்டது.
அடித்தால் நிற்பதில்லை.
மாற்றப் பதினெட்டு பிராங்க்.
ஐயா வேண்டாமென்றார்."
தேதி, ஏழாவது உருப்படிக்கு மூன்று வாரம் முன்பு.

வேண்டாமென்றார்.
பணம் இல்லையா, மனம் இல்லையா,
விதவை எழுதி வைக்கவில்லை.

சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல.
காப்பாளர் லுதிவீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

ஐந்தாம் அத்தியாயம்: தாக்கம்.
கார்வெனிடமிருந்து லீல் நகரத்து மாணவி ஒருத்திக்கு,
அவளிடமிருந்து ஊமைப்படத்துக்கு வாசித்தவனுக்கு,
அவனிடமிருந்து இன்றைய லிஃப்ட் இசை வரைக்கும்
அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறேன்.
அதன் உச்சியில் இப்போது
நகக்கண் அளவு சாம்பல் பூச்சி ஒன்று
உட்கார்ந்துகொண்டு
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.
அடிக்குறிப்பு 212 காலியாக இருக்கிறது.
அங்கே அது அடங்குமா?

சாயங்காலம் இசைப்பள்ளி, மூன்றாம் அறை.
பியானோவின் மூடியைத் திறந்து
ரயில் டிக்கெட்டை மடித்து
அந்த ஒரு தந்தியை ஒலியடக்கி தொடாதபடி
முட்டுக்கொடுத்தேன்.
வாசித்தேன்.
கைகளை எடுக்கச் சொன்ன இடத்தில் எடுத்தேன்.
அது நின்றது,
நான் பேசி முடித்த பிறகு
யாரோ என் வாக்கியத்தைத் தொடர்வது போல.

இருபத்தாறாம் தாளக்கட்டம்.
அச்சில் வெறுமை.
இத்தனை வருடம் நாங்கள் எல்லோரும்
கண்ணை மூடிக்கொண்டு மௌனம் என்று எண்ணிய இடம்.
அங்கே மௌனமே இல்லை.
ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பதை
அவர் எதற்கு எழுத வேண்டும்?

கதவு தட்டப்பட்டது.
பக்கத்து அறைப் பையன், கையில் டிராம்போன்.
"உங்கள் பியானோ கெட்டிருக்கிறது."
தெரியும் என்றேன்.
மறுபடி முதலிலிருந்து.

ருவானுக்குக் கடைசி ரயில் எட்டு பத்துக்கு.
டிக்கெட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.