நாலாவது கால்

பத்து மணிக்கு மின்வெட்டு.
ரைலண்ட்ஸ் முழுக்க ஒரே மூச்சில் அணைந்தது.
விமான நிலையப் பக்கம் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.
கறுப்புக் கால்சட்டையைக்கூட நான் மாற்றவில்லை.
ஓட்டலில் இன்று ஒரு கல்யாணம், இருபத்தாறு மேசை.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இம்தியாஸ்:
"கோகி, வெளியே வந்து தெற்கே பார்.
மேசை போட்டிருக்கிறது."

ஊருக்கெல்லாம் இன்வெர்ட்டர் விற்கிறவன்
தன் வீட்டில் வேண்டுமென்றே இருட்டில் உட்கார்ந்திருப்பான்,
கழுத்தில் பைனாகுலர் தொங்க.

எங்கள் மேசைமலை மேற்கே.
தென்கிழக்குக் காற்று அதன்மேல்
வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்துப் போன பிரெஞ்சுக்காரர் ஒருவர்
வானத்தில் மீந்திருந்த இருட்டுக்கு
இந்த மலையின் பெயரை வைத்தாராம்.
மேகம் ஒன்று முன்பே அங்கே கிடந்தது.
துணிக்காக மேசை போட்டிருக்கிறார்.
எங்கள் தொழிலில் நேர்மாறு.

மேகம் தெரிந்தது, கசங்கிய நாப்கின் மாதிரி.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
"நேரே பார்க்காதே," என்றான்.
"கொஞ்சம் ஒதுக்கிப் பார். முறைத்தால் ஓடிவிடும்."

இதை எனக்கா சொல்கிறாய், இம்தியாஸ்!
இருபத்திரண்டு வருடமாய் இப்படித்தான் பார்க்கிறேன்:
சாப்பிடுகிறவர் முகத்தை ஏறிடாமல்
காலியாகும் கோப்பையை,
மடியிலிருந்து நழுவும் துணியை,
மாப்பிள்ளையின் தாய்
தட்டைத் தொடவே இல்லை என்பதை.

மேகத்தைவிட்டுக் கண்ணை நகர்த்தி
அவன் வீட்டு ஆண்டெனா நுனியில் வைத்தேன்.
வந்தது ஒன்று.
சற்றுத் தள்ளி இன்னொன்று,
சிந்திய உப்பைத் துடைத்த பிறகும்
விரிப்பில் மிஞ்சும் பரல்போல.

மூன்று.

"அதிலேயே பிரகாசமானது இருக்கிறதே,
அந்த வெளிச்சம் கிளம்பி முப்பத்து மூன்று வருடம்."
கணக்குப் போட்டேன். எனக்குப் பதினொரு வயது.
கடற்கரையில் பலகைகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள்,
கம்பத்தில் ஆணி ஓட்டைகள் இருந்தன.
அப்பா செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.
வடைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.
கடலை அவரும் ஓரக்கண்ணால்தான் பார்த்தார்.

"நாலாவது கால் எங்கே?"
"உற்றுப் பார்," என்றான்,
சற்றுமுன் தான் சொன்னதை மறந்து.

பன்னிரண்டரைக்கு மின்சாரம் வந்துவிட்டது.
ஃப்ரிட்ஜ் செருமியது.
தெருவிளக்கு இரண்டுமுறை இமைத்து நின்றது.
விருந்து முடிந்ததுபோல்
மேசையை எடுத்துவிட்டார்கள்.
இம்தியாஸ் ஏதோ திட்டிக்கொண்டே உள்ளே போனான்.

ஆடுகிற மேசைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.
ஆட்கள் உட்காரும் முன் குனிந்து
காலுக்கடியில் மடித்த காகிதம்.
கால்சட்டைப் பையில்
இன்றைய மெனு அட்டை இருந்தது.
கை தானாக அதை எடுத்து
நாலாய் மடித்துக்கொண்டிருந்தது.