முப்பது வருடக் குத்தகை

இரண்டு குளிர்காலம் தப்பான ஆளைத் தேடினேன்.
சபைப் பதிவேட்டில்
ஹில்கே விபெங்கா மூன்று பேர்.
தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்தே
ஒரு குடும்பம் தன்னை ஒளித்துக்கொள்ளும்.
முதல் ஹில்கே கால்வாயில் பனி உடைந்து மூழ்கியவர்.
நல்ல கதை.
அவருக்காகக் கொஞ்சம் அழுதுகூட இருந்தேன்.
பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு அவர் யாருமில்லை.
இரண்டாமவர் ஒன்பது நாள் இருந்தார்.
என்னுடையவர் மூன்றாவது:
ஏரியில் விலாங்கு பிடித்தவர், அம்மாவின் தாத்தா,
1931 நவம்பர், நெஞ்சுச் சளி.

வரிசை ஏழு, எண் முப்பத்தொன்று.

லேவார்டன் ஆவணக் காப்பகத்தில் யெட்ஸ்கே என்ற பெண்
அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.
கையுறை வேண்டாம், கை கழுவினால் போதும் என்றாள்.
கழுவிய கையில் சோப்பு வாசம்.
பெட்டிக்குள் வேறு வாசம்,
ஈரம் காய்ந்து மறுபடி ஈரமானது போல.

ஆறடி நிலம்தான் கடைசியில் சொந்தம் என்பார்கள்.
இங்கே அதுவும் வாடகை.
முப்பது வருடம். அப்புறம் ஒரு கடிதம் வரும்:
புதுப்பிக்கிறீர்களா, விடுகிறீர்களா?
பதில் வராவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள்.
எலும்பை இன்னும் ஒரு ஆள் ஆழத்துக்கு
இறக்கிவிடுவார்கள்,
மேலே வருகிறவருக்கு இடம் வேண்டுமே.

பதில் வராமல் இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.
யாரோ வீடு மாறியிருப்பார்கள்,
கடிதம் பழைய விலாசத்தில் கிடந்திருக்கும்,
அப்படித்தானே தொலையும் எல்லாம்.

பதில் இருந்தது.
1961, மார்ச். நீல மை.
'குடும்பத்தினருக்கு விருப்பமில்லை.'
கீழே ஒரு கையெழுத்து.
குறுக்குக் கோடு வலப்பக்கம் சரிகிற அந்த எழுத்து
என் பள்ளி அறிக்கை அட்டை எல்லாவற்றிலும் இருந்தது.
கணக்கில் கவனம் போதாது என்று ஆசிரியர் எழுதுவார்,
அதன் கீழே இதே நீலம்.

தொகை: நாற்பத்திரண்டு கில்டர்.

அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.
அவரைப் பற்றியும்தான்.
எனக்கு அப்போது எட்டு வயது.
அந்த வசந்தத்தில்தான் கரும்பலகை மங்கலாக இருக்கிறது என்று
முதல் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள்.
விலை என்னவென்று தெரியாது.
தெரிந்துகொள்ள ஒரு பெட்டி எங்காவது இருக்கும்.
கேட்கவில்லை.
யெட்ஸ்கே, நகல் வேண்டுமா என்றாள்.
வேண்டும் என்றேன், பிறகு வேண்டாம் என்றேன்,
அவள் எடுத்துவிட்டிருந்தாள்.

மறுநாள் பேருந்தில் போனேன்.
கரைமேல் ஆடுகள். காற்று ஒரே பக்கத்திலிருந்து.
வரிசை ஏழில் எண்ணிக்கொண்டே நடந்தேன்,
முப்பத்தொன்றில் ஒருவர் இருந்தார்.
கல்லில், ஆத்யே ஹோக்ஸ்ட்ரா.
கல்லுக்கு வெளியே அவள் கணவர்,
மடக்கு நாற்காலி, ஒரு பூவாளி.

யாரையாவது தேடுகிறீர்களா?
எண்ணைத் தேடுகிறேன் என்றேன்.
அவருக்கு அது விசித்திரமாகப் படவில்லை.
இது எங்களுடையது, 2041 வரைக்கும்,
பணம் கட்டியாகிவிட்டது என்று
ரசீதைக் காட்டத் தயாரானவர் போல
கோட்டுப் பையைத் தொட்டார்.

உங்கள் மனைவிக்குக் கீழே
என் ஆள் ஒருவர் இருக்கிறார்
என்பதை எப்படிச் சொல்வது?
எப்படியோ சொன்னேன்.
எழுபது வயதில் ஏன் இப்படி முகம் சிவக்கிறது எனக்கு?

வெகுநேரம் கல்லையே பார்த்தார்.
என்ன தொழில் என்று கேட்டார்.
விலாங்கு என்றேன்.
ஆத்யே விலாங்கைத் தொடவே மாட்டாள், வழுக்கும் என்பாள்
என்றார்.
சிரித்தாரா என்று சொல்ல முடியாது, காற்று.

பிறகு பூவாளியை என் பக்கம் நீட்டினார்.
பாதிதான் இருந்தது.
எவ்வளவு ஊற்றினால் அவ்வளவு ஆழம் போகும்
என்று எனக்குத் தெரியாது.
முழுவதும் ஊற்றினேன்.
குழாய் அங்கே, வேலியோரம், என்றார்.