வஸ்தியான் எங்களை இருக்கச் சொன்ன நாள்

ஞானப்பிரகாசம் வஸ்தியாம்பிள்ளை.
திருகோணமலை டொக்யாட்டின் கூலிப் புத்தகத்தில் மட்டும் அப்படி.
வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில்
கூடைப்பந்துத் திடலின் கம்பிவேலிக்கு வெளியே
மனையாவெளிச் சனம் மூன்று வரிசையில் நின்று கத்தியது
"சூறாவளி!"

பந்து ஒரு விரலில் சுழன்றபடி இருக்க
மறுகையால் பீடி பற்றவைப்பான்.
பிடரியால் தட்டுவான், முதுகுக்குப் பின்னால் எறிவான்,
தடுக்க வந்த கடற்படைக்காரனின் தொப்பியைக் கழற்றித்
தன் தலையில் வைத்துக்கொண்டு கூடைக்குள் போடுவான்.
வெள்ளைக்காரர் சில்லறை எறிவார்கள்.
ஓட்டத்தை நிறுத்தாமல்
அதையும் கால்விரலால் கவ்வி எடுப்பான்.

ஆட்டம் முடிந்தால் அவர்கள் கிளப்புக்குள்.
நாங்கள் வாசலுக்கு வெளியே, குழாயடியில்.

ஒருமுறை பந்து நழுவி அவன் நெற்றியில் விழுந்தது.
உண்மையாகவே நழுவியது. நான் பக்கத்தில் நின்றேன்.
சனம் உருண்டு சிரித்தது.
அடுத்த வெள்ளியிலிருந்து
கிழமை தவறாமல் நழுவியது.
முழங்கால் பழுதான பிறகு
நொண்டலுக்கும் கைதட்டு வாங்கினான்.

அமெரிக்கக் கப்பலொன்று ஒன்பது நாள் நின்ற வருசம்,
உவர்மலைக்குக் கீழே, அவர்களுடைய பேஸ்பால்.
எங்களுக்கு எல்லே தெரியும், அது காணும் என்றான்.
கடைசிச் சுற்று, சமநிலை.
பந்தெறியப் போனவன் திரும்பிப் பார்த்தான்:
"எல்லாரும் இருங்கோடா."
இருந்தோம். புல்லில், சப்பாணி கட்டி, ஏழு பேர்.
முதலாமவன் காற்றை அடித்தான்.
இரண்டாமவனும் காற்றைத்தான்.
மூன்றாமவனின் மட்டையில் பட்டது.

என் பக்கம்.
எழும்பினேன். கால் மரத்திருந்தது.
பந்து உருண்டு உருண்டு கடலடிக்குப் போய்விட்டது.

தொப்பியொன்று சுற்றி வந்தது,
பதினேழு ரூபாய், ஒரு தோல் கையுறை.
"எங்கள் நாட்டில் பிறந்திருந்தால் நீ கோடீஸ்வரன்"
என்றான் அவர்களுடைய கப்டன்.
அண்டா கழுவிக்கொண்டிருந்த கப்பல் சமையல்காரன்,
எங்களைவிடக் கறுப்பன்,
கப்டன் போகும்வரை பார்த்திருந்து ஏதோ சொன்னான்.
கொன்ராட் கிளாக்கர் தமிழில் சொன்னார்:
"அங்கேயும் இவையளுக்கு வேற மைதானம்தானாம்."

வஸ்தியான் ஒன்றும் பேசவில்லை.
பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து
அவனிடம் எறிந்தான்.
சுழற்றவில்லை, பிடரியில் தட்டவில்லை.
நேராக, மார்புக்கு.
அவன் ஈரக்கையால் பிடித்தான்.
திருப்பி எறிந்தான்.

இருட்டும்வரை அப்படியே.
பார்க்க ஆளில்லை, நான்தான்.
வீட்டுக்குப் போயிருப்பேன்,
கால் இன்னும் மரத்திருந்தது.