அவ்வழியே வந்த ஜீப்

ஹிம்மத் என்று ஒரு வண்டி இருக்கிறது.
கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.
புலி உறுமும் விளம்பரம் கிடையாது அதற்கு.
எந்தப் பத்திரிகையின் நடுப்பக்கத்திலும்
சேறு தெறிக்க நின்றதில்லை.

போடியில் மொத்தம் மூன்று.
ஒன்று வழக்கில் மாட்டி
காவல் நிலையத்து வேப்பமரத்தடியில்.
ஒன்று மூணாறு போனது, திரும்பவில்லை.
மிச்சம் ஒச்சப்பனுடையது.
விடிகாலை நாலரைக்கு
பதினான்கு பெண்களையும் பதினான்கு தூக்குவாளிகளையும்
பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி
ஏலக்காட்டில் இறக்கிவிடுவது.

எதில் வேலைக்குப் போகிறாய் என்றால்
பவுன்தாய் சொல்வாள், "ஜீப்புலதான்."
ஒரே ஒரு கம்பெனியின் பெயர்
மலைக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது.
மற்றதெல்லாம் அதற்கடியில்
பெயரில்லாமல் ஏறி இறங்குகின்றன.

ஐப்பசி மழையில் கொச்சியிலிருந்து வந்தார்கள்,
இன்னும் விலை சொல்லாத புது வண்டி,
மூன்று கேமரா, ஒரு ட்ரோன்.
பூப்பாறைக்கு மேலே தோட்டப் பாதையில்
செம்மண் அதை அச்சுவரை விழுங்கியது.
ட்ரோன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஒச்சப்பன் வண்டியை மறித்து ஒரு பையன்,
"சேட்டா, ஒண்ணு வலிக்காமோ?"

மலையாளத்தில் வலி என்றால் இழு.
ஒச்சப்பன் தமிழில் பதில் சொன்னான்:
"வலிக்கும். ஆனா வரும்."

பெண்கள் இறங்கி
உரச்சாக்கைக் கொங்காணியாக்கி நின்றார்கள்.
கயிறு விறைத்தது.
கிளட்ச் கருகும் வாசனை
ஏலக்காய் வாசனையை அரைமணி நேரம் தள்ளிவைத்தது.
வந்தது.

வீடியோ பதினோரு நிமிடம். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.
ஒன்பதாம் நிமிடம் திரையின் ஓரத்திலிருந்து
யாரோ பிடித்த மாதிரி ஒரு கயிறு.
அடுத்த காட்சியில் புது வண்டி
மேட்டில் நின்று மூடுபனியைப் பார்க்கிறது.

நான் சென்டிமீட்டர் கணக்கில் கூலி வாங்கும் நிருபன்.
முதல் வரியிலேயே ஹிம்மத் என்று எழுதி அனுப்பினேன்.
'அவ்வழியே வந்த ஜீப் ஒன்று' என்று அச்சானது.
மதுரைக்குப் போன் போட்டேன்.
"விளம்பரம் தராதவன் பேரு நமக்கெதுக்குய்யா?"

விடவில்லை. கம்பெனிக்கே கடிதம் எழுதினேன்,
படங்களோடு, இந்தியில், கடைக்காரர் ஒருவரைப் பிடித்து.
இரண்டு மாதம் கழித்து ஒரு ஸ்டிக்கர் வந்தது.
ஒச்சப்பன் அதைப் பின்கதவில் ஒட்டினான்.
ஏறுகிறவர்கள் கைவைக்கிற இடம்,
தைக்குள் அழிந்துவிடும்.

பவுன்தாய் கேட்டாள், "என்ன போட்டிருக்கு?"
"ஹிம்மத். இந்த வண்டியோட பேரு."
"இதுக்குப் பேரெல்லாம் உண்டா?"
ஏறி உட்கார்ந்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டு,
"பேப்பர்ல எழுதுனியாமே.
அன்னிக்கு லேட்டுன்னு
பதினாலு பேருக்கும் அரைநாள் கூலிய வெட்டுனானே கங்காணி,
அது வந்துச்சா?"

வண்டி கிளம்பிவிட்டது.
முந்தலைத் தாண்டும்வரை
அதன் ஒற்றைப் பின்விளக்கு தெரிந்தது.
நான் எழுதிய பிரதியில்
அது இல்லவே இல்லை.